பன்னிரண்டு நிமிடம் முன்னால்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் கொஞ்சம் கட்டை. இதில் உட்காருங்கள். ஃபேன் சத்தம் போடும், ஆனால் காற்று வரும்.

கோயம்புத்தூரிலிருந்து விருதுநகருக்கு, ஒரு கையெழுத்துக்காக ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார்கள். மெயிலில் அனுப்பியிருந்தால் நானே அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து அனுப்பியிருப்பேன். எட்டு நிமிட வேலை. பரவாயில்லை, நீங்கள் வந்ததும் நல்லதுதான். அலுவலகத்திலிருந்து ஒருவர் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

அந்தப் புகார் பற்றிய காகிதத்தைக் கொடுங்கள், பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்விதான். ‘வாடிக்கையாளர் முதல் நாள் அனுப்பிய படத்தில் இருந்த நேர வித்தியாசத்தை நீங்கள் கவனித்தீர்களா?’ கவனித்தேன் என்று ஒரு கட்டம். கவனிக்கவில்லை என்று ஒரு கட்டம்.

நிவேதன் நேற்றே போன் செய்துவிட்டார். என் மேலாளர், வயதில் சின்னவர். “மேடம், கவனிக்கலன்னு டிக் பண்ணிருங்க. ஒரு வாரம் பயிற்சி வகுப்புல உட்கார வைப்பாங்க, அப்புறம் பழையபடி வேலைக்கு வந்துரலாம். கவனிச்சேன்னு மட்டும் போட்டுறாதீங்க. போட்டா அன்னைக்கோட வேலை முடிஞ்சுது, என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

“பதினோரு வருஷம் பழகின கண்ணு நிவேதன். கவனிக்கலன்னு எப்படி எழுதுறது?” என்றேன்.

“கண்ணுக்கா மேடம் சம்பளம் வருது?” என்றார். நல்ல மனிதர்தான், பேச்சு அப்படி.

உங்கள் பஸ் மூன்று மணிக்குத்தானே? இன்னும் நேரம் இருக்கிறது. மோர் குடியுங்கள். உப்பு போட்டிருக்கிறேன், காயம் போடவில்லை. சிலருக்குப் பிடிக்காது.

நீங்கள் பர்சனல் பிரிவு, ஆட்கள் விவகாரம் பார்க்கிறவர். நாங்கள் செய்கிற வேலை உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. நம் கம்பெனி சாப்ட்வேரை வாங்குகிறவர்கள் எல்லாருமே சாப்ட்வேர் எழுதுகிறவர்கள். தச்சருக்கு உளி விற்கிற கடை மாதிரி நாம். ஆனால் ஒன்று சார், எழுதுவதில் அவர்களுக்குச் சந்தேகமே வராது. உள்ளே நுழைவதில்தான் வரும். ஆபீஸ் மெயிலில் வாங்கியிருப்பார், சொந்த மெயிலில் நுழையப் பார்ப்பார். பழைய பதிப்பை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை ஏற்றுவார், இரண்டும் உள்ளே சண்டை போடும். திரையில் ஒரு பெட்டி வரும், அதில் தெளிவாகக் காரணம் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்திவிட்டு, “என்னவோ வந்துச்சு மேடம், போயிருச்சு” என்பார். இருபது வருஷ அனுபவம் உள்ள ஆள் சார். தன் வீட்டுக்குள் நுழைய நம்மைக் கேட்பார்.

ஒருவர் உதவி கேட்டு எழுதினால் அதற்கு ஒரு டிக்கெட் திறக்கும். சரியானதும் மூடிவிடுவோம். அவர் ஏழு நாள் பதில் போடவில்லையென்றால் தானாகவே மூடிக்கொள்ளும். மூடியதற்குள் நாமாகப் போய் எழுத முடியாது. அவர் விரும்பினால்தான் மறுபடி திறக்கலாம்.

முன்பு மதுரையில் ஒரு கிளை இருந்தது. ஒரு ஹாலில் பதினொரு பேர். மத்தியானம் டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்தால் யார் குழம்பு யார் சோற்றில் போகிறது என்றே தெரியாது. நான்கு வருஷத்துக்கு முன் அதை மூடி, அவரவர் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். பஸ் இல்லை, நெரிசல் இல்லை. என் வீட்டுக்காரர் ஓசூரில் இருக்கிறார். சண்டையெல்லாம் இல்லை. அவருக்கு அங்கே வேலை, எனக்கு இங்கே வீடு. அப்படியே இருந்துவிட்டோம். தீபாவளிக்கு வருவார், சில வருஷம் வரமாட்டார்.

சரி, ஞானதுரை சார் விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தானே வந்தீர்கள்.

இரண்டாம் தேதி, புதன்கிழமை. காலை பத்தேகால் இருக்கும். நாசரேத்திலிருந்து ஞானதுரை என்பவர் எழுதியிருந்தார். தமிழில் எழுதியிருந்தார் சார். தமிழில் எழுதலாம் என்று நம் பக்கத்தில் போட்டிருக்கிறோம், ஆனால் நூற்றில் இரண்டு பேர்தான் எழுதுவார்கள். மற்றவர்கள் இங்கிலீஷில் ஒரு வரி. வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது. ‘வேலை செய்யவில்லை. அவசரம்.’ அவ்வளவுதான்.

இவர் முழுக் கடிதமாக எழுதியிருந்தார். ‘வணக்கம் மேடம். புதுக் கம்ப்யூட்டரில் உங்கள் மென்பொருளை ஏற்றியிருக்கிறேன். கடவுச்சொல் சரியாக இருக்கிறது. அடுத்து போனில் வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்கிறது. போட்டால் தவறு என்கிறது. இருபது முறை போட்டுப் பார்த்தேன். மனைவியின் போனில் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்.’ சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று யார் சார் எழுதுகிறார்கள் இப்போது?

படத்தைத் திறந்தேன். ஒரு மேஜை. கம்ப்யூட்டர். அதன் முன்னால் அவர் போனைச் சாய்த்து வைத்திருக்கிறார், எண் தெரியும்படி. ஓரத்தில் ஒரு தட்டில் இரண்டு வாழைப்பழம். கம்ப்யூட்டரின் மூலையில் மணி 10.03. போனில் 10.15.

அந்த ஆறு இலக்க எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா சார்? மணியிலிருந்து வருகிறது. போன் தன் கடிகாரத்தைப் பார்த்து ஒரு எண் போடும். நம் சர்வர் தன் கடிகாரத்தைப் பார்த்து அதே கணக்கைப் போடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். முப்பது விநாடிக்கு ஒரு தடவை எண் மாறும். போன் பன்னிரண்டு நிமிடம் முன்னால் ஓடினால் அது இன்னும் வராத எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆயிரம் முறை போட்டாலும் திறக்காது. போனில் நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் போதும். ஒரு பொத்தான்.

வீட்டில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைப்போமில்லையா, பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று? அதை இவர் போனில் செய்திருக்கிறார். கூட்டி வைத்தவருக்கு அது பழகிப்போய்விடும். அவர் கண்ணுக்கே தெரியாது.

படத்தைத் திறந்தவுடனே பார்த்தேனா என்று கேட்கிறீர்களா? கண் முதலில் மணிக்குத்தான் போகும் சார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாழைப்பழத்துக்கா போகும்?

ஆனால் நமக்கு ஒரு வரிசை இருக்கிறது. சோதனைப் பட்டியல். பதினான்கு படி. மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றுவது முதல் படி. உலாவியைச் சுத்தம் செய்வது இரண்டாவது. பழைய பதிப்பின் மிச்சங்களை எடுப்பது மூன்றாவது. கடிகாரம் ஒன்பதாவது. வரிசையாகப் போனால் எதுவும் விட்டுப்போகாது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பதிலில் ஒரு படி. ஒன்றைச் செய்யச் சொல், செய்தாரா என்று கேள், பிறகு அடுத்தது. மொத்தமாகக் கொட்டினால் ஆள் குழம்பிவிடுவார். இது நான் கண்டுபிடித்த முறை இல்லை, ஆனால் என் அளவுக்கு அதைக் கடைப்பிடித்தவர்கள் யாரும் இல்லை.

அதனால் முதல் படியை எழுதினேன். ‘நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள் சார்.’

மறுநாள் பதில் வந்தது. ‘செய்து பார்த்தேன் மேடம், வரவில்லை. எங்கள் வீட்டில் இணையம் சரியில்லை, அக்கா வீட்டுக்குப் போய் ஏற்றினேன். அங்கே சர்ச்சில் இன்று அசனச் சாப்பாடு, ஊர் விருந்து, என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் பதில் எழுதத் தாமதம்.’

நானும் எழுதினேன். ‘பரவாயில்லை சார். சாப்பாடு முக்கியம். இப்போது இரண்டாவது படியைச் செய்யலாம்.’

இப்படித்தான் போனது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பதில், ஒவ்வொரு பதிலிலும் இரண்டு வரி கூடுதலாக. தேரிக்காட்டுப் பக்கமிருந்து காற்று, வீடெல்லாம் செம்மண் என்று எழுதுவார். கம்ப்யூட்டருக்கு ஒரு துணி போட்டு மூடி வையுங்கள் என்று எழுதுவேன். நான்காவது படியின்போது அந்த வாழைப்பழம் என்ன ரகம் என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து, ‘கதலி மேடம். ஐந்தாவது படி என்ன?’ என்று எழுதினார். ஆறாம் தேதி ஞாயிறு, பதிமூன்றாம் தேதி ஞாயிறு, இரண்டு நாளும் எனக்கு லீவுதான். ஆனால் அவர் எழுதியிருப்பாரோ என்று திறந்து பார்த்தேன். எழுதியிருந்தார். உடனே பதில் போட்டேன். லீவு நாளில் பதில் போடுகிற ஆளைக் கம்பெனி எங்கே தேடினாலும் கிடைக்காது, இதை உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மெதுவான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே வாரத்தில் பெங்களூரிலிருந்து ஒருவர். இதே கோளாறுதான், எண் தவறு என்கிறது. வணக்கம்கூட இல்லை. ‘கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்’ என்று ஒரே வரி போட்டேன். நான்கு நிமிடத்தில் டிக்கெட் மூடியாயிற்று. அந்த மாதத்தில் நம் பிரிவிலேயே அதுதான் குறைந்த நேரம். நிவேதன் குழுவில் எல்லாருக்கும் சொல்லிப் பாராட்டினார்.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? மோர் புளிக்கிறதா?

அது வேறு, இது வேறு. அந்த ஆளுக்கு நேரமில்லை. ஞானதுரை சார் பொறுமைக்காரர்.

ஒரு டிக்கெட்டுக்கு ஒரு முறை போனில் பேசலாம் என்று விதி இருக்கிறது. பதினாறாம் தேதி பேசினேன். எடுத்தவுடனே, “சொல்லுங்க மேடம். சாப்ட்டீங்களா?” என்றார். மணி பதினொன்று. காலைச் சாப்பாட்டைக் கேட்கிறாரா, மத்தியானத்தையா என்று தெரியவில்லை. “ஆச்சு சார்” என்றேன். அந்த மாதத்தில் என்னை அப்படிக் கேட்டது அவர் ஒருவர்தான். நீங்கள் இப்போது கேட்டீர்கள், அதையும் சேர்த்தால் இரண்டு.

“மேடம், நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?” என்றார்.

“சொல்லுங்க சார்.”

“எனக்கு வேலை போயி எட்டு மாசம் ஆச்சு. நாப்பத்தாறு வயசு. இப்பதான் ஒரு கம்பெனியில, செஞ்சு காட்டுங்கன்னு மாதிரிக்கு ஒரு வேலை குடுத்திருக்காங்க. உங்க மென்பொருள்லதான் செய்யணும், இருபதாம் தேதிக்குள்ள அனுப்பணும். அது புடிச்சிருந்தா எடுத்துக்கிடுவாங்க. நீங்க மிச்சப் படியை எல்லாம் மொத்தமா அனுப்பிருங்களேன். நான் உக்காந்து ஒண்ணொண்ணா பாத்துக்கிடுதேன்.”

“மொத்தமா அனுப்பினா குழம்பிருவீங்க சார். வரிசையாப் போவோம். இப்ப ஏழாவது படி.”

அவர் பின்னால் குக்கர் விசில் கேட்டது. பிறகு, “சரி மேடம், நீங்க சொன்னாச் சரிதான்” என்றார்.

அந்தக் குரலில் கோபம் இருந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை.

பதினெட்டாம் தேதி எட்டாவது படி. பத்தொன்பதாம் தேதி சாயங்காலம், ‘செய்துவிட்டேன், வரவில்லை, அடுத்தது உடனே சொல்லுங்கள்’ என்று எழுதினார். தேரிக்காட்டுக் காற்று இல்லை, அக்கா இல்லை. அடுத்தது ஒன்பதாவது. தட்டச்சு செய்துவிட்டேன். ‘போனின் நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள்.’ எழுதி முடித்து, அனுப்புகிற பொத்தானுக்குப் பக்கத்தில் அம்புக்குறியை வைத்திருந்தேன். அதை அனுப்பினால் கதவு திறந்துவிடும். திறந்தால் டிக்கெட் மூடிவிடும். வேலை நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. நாளைக்கு அனுப்பலாம் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் இருபது, ஞாயிற்றுக்கிழமை. லீவு சார். லீவு நாளில் வேலை செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

அதற்கு முந்தின ஞாயிறுகளா? அது நானாக விரும்பிச் செய்தது.

இருபத்தொன்றாம் தேதி காலை சரியாக ஒன்பது மணிக்கு அனுப்பினேன். பதினோராவது நிமிடம் பதில் வந்தது. ‘வந்துவிட்டது. மூடிவிடுங்கள்.’ அவ்வளவுதான். மேடம்கூட இல்லை. பத்தொன்பது நாள் பழகியவர் சார்.

நான் மூடவில்லை. ‘மிக்க மகிழ்ச்சி சார். மாதிரி வேலை என்ன ஆயிற்று?’ என்று கேட்டேன். ஒரு நாள் தாமதம்தானே, ஒரு நாளுக்காக வேண்டாம் என்று சொல்கிற கம்பெனி நல்ல கம்பெனியாக இருக்குமா? இதையும் எழுதினேன். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. கம்ப்யூட்டரில் மணி அடிக்கும்போதெல்லாம் பார்ப்பேன், வேறு யாராவதாக இருக்கும். ஒருவர் கடவுச்சொல்லை மறந்திருப்பார். ஒருவர் மறந்ததை மறந்து மூன்றாவது கணக்கு திறந்திருப்பார். ஏழு நாள் ஆனதும் டிக்கெட் தானாக மூடிக்கொண்டது. அன்றைக்கே இந்தப் புகார் வந்ததாக நிவேதன் சொன்னார்.

இங்கேதான் சார் எனக்கு வருத்தம். இந்தப் புகாரை ஞானதுரை சார் எழுதியிருக்க மாட்டார். சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதுகிற மனிதர் ஒருவர் மேல் புகார் எழுதுவாரா? ஆள் குறைக்க வேண்டுமென்று மேலே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள், ஒரு காரணம் வேண்டும், இவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். நான் நிவேதனிடமே சொன்னேன். “ஐயோ மேடம்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? யோசித்துப் பாருங்கள்.

அது என்ன, பையிலிருந்து எடுக்கிறீர்கள்? புகாரின் நகலா? என்னிடம் காட்டலாமா, விதி இருக்கிறதா? சரி. கொடுங்கள். கண்ணாடி எங்கே வைத்தேன். இருங்கள்.

...

அவர் எழுத்துதான்.

‘செய்து பார்த்தேன்’ என்று ஒவ்வொரு படிக்கும் எழுதியிருக்கிறார் பாருங்கள், தேதி போட்டு. இது அவருடைய நடைதான். நிவேதனுக்கு இவ்வளவு சுத்தமாகத் தமிழ் எழுத வராது.

இந்தப் பத்தியைக் கேளுங்கள். ‘அந்த அம்மா கடைசி வரை பொறுமையாகத்தான் பேசினார்கள். எனக்குக் கணக்கைத் திறப்பதுதான் தேவையாக இருந்தது. அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினேன், எழுதாவிட்டால் அடுத்த படி வராதோ என்று பயம்.’

வாழைப்பழத்தைச் சொல்கிறார்.

‘வேலை போன பிறகு எந்த இடத்துக்கும் பிந்திப் போய்விடக் கூடாது என்று போனில் நேரத்தைக் கூட்டி வைத்தேன். அது இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை, அது என் தவறு. மாதிரி வேலையை இருபத்திரண்டாம் தேதி அனுப்பினேன். வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். யாருடைய வேலையும் போக வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. முதல் நாள் படத்தில் இரண்டு மணியும் தெளிவாகத் தெரிகிறது. அதை அவர்கள் பார்த்தார்களா, பார்க்கவில்லையா என்று மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.’

அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். கீழே, ‘சிரமத்துக்கு மன்னிக்கவும்.’

இல்லை சார், தண்ணீர் வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இந்தக் காகிதத்தின் நகல் அவருக்குப் போகுமா? போகும். அவர் கேட்ட கேள்வியைத்தான் அப்படியே எடுத்து அச்சடித்திருக்கிறீர்கள். நான் இவ்வளவு நேரம் கம்பெனி கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கவனிக்கவில்லை என்று போட்டால் திங்கட்கிழமை பயிற்சி வகுப்பு. அது கோயம்புத்தூரிலா, இங்கிருந்தேயா? அங்கே வந்து உட்கார வேண்டுமா? ஹாலில் எத்தனை பேர் இருப்பார்கள்? பதினைந்து. ம். மத்தியானம் எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்களா? அப்படியா.

ஒரு வாரம் அது. பிறகு மறுபடி இங்கே. மணி அடிக்கும், பார்ப்பேன், யாராவது எழுதியிருப்பார்கள்.

கவனித்தேன் என்று போட்டால் அந்தக் கம்ப்யூட்டரை நீங்கள் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போவீர்கள். நிவேதன் சொன்னார். அதற்குத்தான் இவ்வளவு பெரிய பை கொண்டுவந்திருக்கிறீர்கள். வந்தபோதே பார்த்தேன்.

பேனா கொடுங்கள். என்னுடையது உள்ளே இருக்கிறது, எழுந்து போனால் மனசு மாறிவிடும்.

அவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் சார்? படத்தைப் பெரிது பண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து மூன்று, பத்துப் பதினைந்து. பார்த்தாங்களா, பார்க்கலையா. அந்த மாதிரி ஒரு கேள்வி இருந்தால் ஆள் வேறு வேலையைச் செய்ய முடியாது. பதில் தெரிந்தால் வைதுவிட்டுப் போய்விடலாம். என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை சார். அவருக்குத்தான் பாக்கி நின்றுவிட்டது.

இதோ, போட்டுவிட்டேன். கவனித்தேன். கோடு கட்டத்துக்குள்ளேயே இருக்கிறதா? சரி.

அதற்குக் கீழே இன்னொரு பெரிய கட்டம் இருக்கிறதே. ‘ஆம் எனில், உடனே தெரிவிக்காததற்கான காரணம்.’ ஆறு வரி விட்டிருக்கிறீர்கள்.

இருங்கள், யோசிக்கிறேன்.

பட்டியலில் ஒன்பதாவது படி என்று எழுதலாம். ஆனால் பெங்களூர்க்காரர் இருக்கிறாரே. நான்கு நிமிடம். அதை நானே உங்களிடம் சொல்லிவிட்டேன்.

சார், மேலே இருக்கிற கேள்விக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். இதற்குப் போடவில்லை. அப்படியென்றால் இது கட்டாயம் இல்லைதானே? எத்தனை ஆயிரம் பேருக்கு எழுதியிருப்பேன், நட்சத்திரம் போட்ட கட்டத்தை மட்டும் நிரப்புங்கள், மற்றதை வெறுமையாக விட்டால் ஒன்றும் ஆகாது என்று.

வெறுமையாகவே இருக்கட்டும். கையெழுத்து இங்கேதானே?